குப்பியில் இறங்கிய நிறம்

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னை எழுதச் சொன்னார்கள். எதை எழுத என்று கேட்டேன். டாக்டர் ஐயாவைப் பற்றி எழுதுங்கள், முதலிலிருந்து அவரோடு இருந்தவர் நீங்கள்தானே என்றார்கள். சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அன்று போன என் நிம்மதி இன்னும் திரும்பவில்லை. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நீங்கள் ஐயாவின் கட்டுரைகளிலிருந்து வரி எடுத்து உங்கள் கட்டுரைகளில் வைத்து எழுதுகிறவர்கள். நான் ஒன்றைத் தவறாகச் சொல்லி, அதை நீங்கள் அச்சில் ஏற்றி, கடலுக்கு அப்பாலிருந்து யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வது? இந்தப் பத்தியை முடிப்பதற்குள் எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் குணத்துக்கு வெப்ராளம் என்று பெயர். கதவைத் தாழிட்டுவிட்டு வருவேன். திரும்பிப் போய்த் தாழைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போவேன். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மற்றப் பெண்கள் இதற்காக என்னைக் கேலி செய்தார்கள். ஐயா தன் வேலைக்கு என்னைக் கேட்டு வாங்கியதும் இதற்காகத்தான். "பயமில்லாத ஆளு எனக்கு வேண்டாம். மூடி சரியா இருக்கான்னு திரும்பத் திரும்பப் பாக்கக்கூடிய ஆளுதான் வேணும்," என்றார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. படத்தைச் சுவரில் மாட்டி அடியில் பெயரும் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் அப்போது ஐயா என்றுதான் கூப்பிட்டோம். அதற்கு மேல் என் பேனாவுக்கு வராது.

அப்போது எங்கள் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. இரணியல் போகும் சாலையில், தென்னைகளுக்கு நடுவில், ஓடு போட்ட நீளமான கட்டடம், அதுதான் ஆஸ்பத்திரி. அதன் கடைசியில் மனநோய்க்கான பெண்கள் வார்டு. வடக்கே வேளிமலை. தை மாசத்துக் காலைகளில் மலை இருக்காது, அது இருந்த இடத்தில் ஒரு வெண்மை மட்டும் நிற்கும். அந்த வெண்மை மெல்ல இறங்கித் தென்னைகளைக் கடந்து ஜன்னல் வழியாக உள்ளே வரும். வார்டில் பாதிப் பெண்கள் பேசாமல் படுத்திருப்பார்கள். துக்கம் அவர்களை ஆழத்தில் வைத்திருந்தது. நான் விளக்குமாற்றோடு அந்தப் பனிக்குள் நடக்கும்போது, குளத்துக்கு அடியில் நடப்பது போலவும், கட்டில்கள் எல்லாம் கட்டு அவிழ்ந்த வள்ளங்களாகத் தலைக்கு மேல் மிதப்பது போலவும் தோன்றும். அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு எல்லாமே நீருக்குள்ளிருந்து பார்த்ததாகத்தான் வருகிறது.

துக்கத்தை மனசில் தேடுகிறவர்கள் அன்றும் நிறையப் பேர் இருந்தார்கள். ஐயா உடம்பில் தேடினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல ஒரு சுரப்பி இருக்கிறது என்றும், மனுஷனுக்கு ஆபத்து வந்தால் அது விழித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் உசுப்புகிறது என்றும், ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும் என்றும் எனக்குச் சொல்லித் தந்தார். "தீராத துக்கம் உள்ளவங்களுக்கு அது அடங்குகதே இல்ல. வீட்டுல கள்ளன் இல்லாத சமயத்திலயும் நாய் குரைச்சிட்டே இருக்கும். அந்தக் குரைப்பை நான் அளக்கணும்." அளப்பதற்கு வழி, ஒரு பகலும் ஓர் இரவும் நோயாளி கழிக்கிற மூத்திரம் முழுவதையும் ஒரு குப்பியில் சேர்ப்பது. அதில் சிறிது எடுத்து மருந்துகள் சேர்த்துக் காய்ச்சினால் ஒரு நிறம் எழும்பும். துக்கம் ஏற ஏற நிறம் இருளும் என்பது அவர் எண்ணம். சில கண்ணாடிக் குழாய்களில் நாவல்பழத்தைப் பிழிந்து விட்டதுபோல இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் அதைத் தூக்கிப் பிடிப்பார். ஒருத்தி யாரிடமும் சொல்லாத ஒன்று அங்கே நிறமாக நிற்கிறது.

குப்பி கொடுப்பதும் வாங்குவதும் என் வேலை. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியும் தனியாக இருப்பதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் உடன் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, நோயாளி வீடு திரும்பும் வரையில் அங்கேயே கிடப்பார். அதைக் கூட்டிருப்பு என்பார்கள். மறைப்புக்குள் நோயாளியைக் கூட்டிப்போய்க் குப்பியை நிறைப்பதும் கூட்டிருப்பவரின் பொறுப்பு. வேறு யாரும் அங்கே எட்டிப் பார்க்க அந்தப் பெண்கள் சம்மதிக்கமாட்டார்கள், நாங்களும் கேட்கமாட்டோம். காலையில் நிறைந்த குப்பியை வாங்கி, மூடியை அழுத்தி, ஒட்டியிருக்கும் பெயரைப் படித்து, ஐயாவின் அறைவரைக்கும் நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுபோவேன். பாதி வழியில் நின்று மறுபடியும் பெயரைப் படிப்பேன்.

வார்டில் கடியப்பட்டணத்து மீன்காரி ஒருத்தி இருந்தாள். புருஷனைக் கடலில் விட்டவள். பேசாத நாட்கள் போக, பேசுகிற நாட்களில் அவளைப் பிடிக்க முடியாது.

"ஏட்டி," என்பாள் என்னைப் பார்த்து, "உனக்க டாக்டர் இதுக்குள்ள என்னத்தக் கண்டாரு? அயலையா, சாளையா?"

"நெறம் பாப்பாரு அக்கா."

"எனக்க கூடையில உள்ளத விட இத நெஞ்சோட அணைச்சுட்டுப் போறியே. கொண்டு போ. வழியில ஆராவது வெல கேட்டா கொடுத்திராத."

அந்த வார்டுக்குத்தான் தாணம்மையைக் கொண்டுவந்தார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்தில், கணவாய்க் காற்று ஓயாத ஒரு நெல் வயல் ஊர். வயலும் களமும் உள்ள வெள்ளாளக் குடும்பம். ஒரே பிள்ளை காய்ச்சலில் போய்விட்டான். அதிலிருந்து தாணம்மை சாப்பிடவில்லை, பேசவில்லை. வில்வண்டியிலிருந்து அவளைத் தூக்கி இறக்கியபோது ஈரத்துணியைத் தூக்குவது போலிருந்தது. கூட்டிருப்புக்கு வந்தவள் அவளுடைய மாமியார் நீலம்மை. நாங்கள் ஆச்சி என்று கூப்பிட்டோம்.

ஆச்சி நிமிர்ந்த மனுஷி. வந்த அன்றே பாயை விரித்து, சுவரில் ஆணி தேடித் துணிப்பையை மாட்டி, வார்டைச் சுற்றிப் பார்த்து, "இதுக்குத் தூத்துப் பெருக்க ஆளுண்டா, இல்ல நான் செய்யணுமா?" என்று என்னைக் கேட்டாள். மருமகளுக்குத் தலை வாரினாள், வாயைத் திறந்து கஞ்சி ஊட்டினாள், பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஊட்டினாள். வண்ணானோடு சண்டை போட்டாள். நான் விடியற்காலையில் வரும்போது எழுந்து உட்கார்ந்திருப்பாள்; சாயங்காலம் போகும்போதும் உட்கார்ந்திருப்பாள். ஐயாவே ஒருநாள் மற்றக் கூட்டிருப்புக்காரிகளிடம், "அந்த ஆச்சியப் பாருங்கோ, எப்பிடித் திடமா நிக்காங்க," என்றார். ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் குப்பியைக் கொடுத்தபோது ஆச்சி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"மக்ளே, இது இஞ்சேருந்து எங்க போவுது?"

"ஐயாவுக்க முறிக்கு."

"அங்க ஆரெல்லாம் வருவா?"

"ஐயா மட்டுந்தான் ஆச்சி."

"பாத்து முடிஞ்சு எங்க கொண்டு ஊத்துவா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவள் குப்பியைக் கையில் வாங்கி, அது கனமாக இருப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தை முடியும்போது தாணம்மை கண்ணைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். பிறகு கேட்டதற்குத் தலையசைத்தாள். ஒரு காலையில் நான் ஜன்னல் கொக்கியைப் போட்டுவிட்டு, நடந்து, திரும்பி வந்து மறுபடியும் தொட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போட்டாச்சு அக்கா. நான் சாட்சி." தாணம்மைதான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது எங்கோ தூரத்துக் களத்திலிருந்து காற்றில் வந்ததுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளே தலை பின்னினாள், பிச்சிப்பூ வாங்கித் தரச்சொல்லித் தொடுத்தாள். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு வரும். அதற்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். "களத்துல அத்தை ஒத்தைக்கு நின்னு என்ன செய்வா?" ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டே முறத்தில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஐயாவிடம் ஓடினேன். ஓடி என்ன, அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"ஐயா, தாணம்மை சிரிச்சா. அறுப்புக்கு வீட்டுக்குப் போணும்னு சொல்லுகா."

அவர் ஒரு குழாயை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். "வந்த வாரத்துல என்ன நெறமோ அதான் இன்னைக்கும். கொறையல்ல. பாக்கப்போனா கூடியிருக்கு."

"ஆனா மொகம் தெளிஞ்சிருக்கே ஐயா."

"மொகத்த நம்பி ஒருத்திய அனுப்பினேம்லா," என்றார்.

அது யாரென்று எனக்குத் தெரியும். முந்தின மழைக்காலத்தில் ஒரு பெண் இப்படித்தான் திடீரென்று சிரித்தாள், எல்லோருக்கும் பூ கொடுத்தாள், கைகூப்பி விடைபெற்று வண்டியில் ஏறினாள். வீட்டுக்குப் போன வாரத்திலேயே கிணற்றில் எடுத்தார்கள். அதிலிருந்து ஐயாவுக்குச் சிரிப்பைக் கண்டால் பயம். பிள்ளைகளே, இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் குப்பியைக் கட்டிக்கொண்டு ஆளைப் பார்க்காதவர் இல்லை. ஆளைப் பார்த்து ஒருமுறை ஏமாந்து, அந்த வலியில் குப்பியைப் பிடித்துக்கொண்டவர். தாணம்மையை அனுப்பினால் அவளும் கிணற்றுக்குப் போகலாம். அனுப்பாமல் வைத்தால் என்ன சிகிச்சை செய்வது? அவரிடம் மிச்சமிருந்தது கரண்ட் வைப்பது ஒன்றுதான். தலையில் மின்சாரம் பாய்ச்சி உடம்பை ஒருமுறை உலுக்கும் அந்தச் சிகிச்சை, பாறைபோலக் கிடந்த பலரை எழுப்பியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் மயங்க வைத்துச் செய்யும் வசதி அன்று எங்களிடம் இல்லை. தோளைப் பிடித்துக்கொள்கிறவள் நான். என் கைகளுக்குள் ஓர் உடம்பு வில்லாக வளைவதை நினைத்து நினைத்து எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்காது. தெளிந்துவிட்ட பெண்ணுக்கு அதை வைத்தால்?

மேஜையில் அவர் சென்னையில் மருத்துவர்கள் கூட்டத்தில் வாசிக்கவிருந்த கட்டுரை தட்டச்சு செய்யப்பட்டு இருந்தது. முகம் தெளிந்த பிறகும் உடம்புக்குள் ஆபத்து தொடர்கிறது என்பது அதன் சாரம். அதற்கு அவர் காட்டிய பலமான சான்று தாணம்மையின் குப்பிகள்.

"திங்கட்கிழமை காலையில வைப்போம்," என்றார். "ராத்திரியிலேருந்து ஆகாரம் கொடுக்கப்பிடாதுன்னு ஆச்சிகிட்ட சொல்லிரு."

ஞாயிறு சாயங்காலம் சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொண்டாள். "பட்டினியாட்டா கெடக்கணும்?" என்றாள். ஆமாம் ஆச்சி, வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்றேன். "இப்பதானே அவ வாரித் திங்கத் தொடங்கிருக்கா," என்றாள், என்னிடம் சொல்வது போல இல்லாமல்.

திங்கட்கிழமை பனி கனமாக இருந்தது. வார்டுக்குள் நுழையும்போது கஞ்சி மணந்தது. தாணம்மை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆச்சி கையில் கிண்ணம். அடியில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து மருமகள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலருகே ஓடினேன். "ஆச்சி, கொடுக்கப்பிடாதுன்னு சொன்னேம்லா."

"கொடுத்தாச்சு," என்றாள் ஆச்சி. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு நேராகக் கரண்ட் வைக்கும் அறைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஐயா கைகழுவிக்கொண்டிருந்தார். ஆச்சி அந்த உயரமான மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"அவளுக்கு வைக்கப்பிடாது. எனக்கு வையுங்கோ. நான் ஒண்ணும் தின்னல்ல. வயிறு காலியாட்டுதான் இருக்கு."

"ஆச்சி, எறங்குங்கோ," என்றார் ஐயா. "தீனம் மருமகளுக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"குப்பியப் பாத்துட்டுதானே கூடிப்போச்சுன்னு சொன்னியோ?"

"ஆமா."

"அந்தக் குப்பியில உள்ளது எனக்கதாக்கும்."

ஐயா துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "எந்தக் குப்பி?"

"எல்லாம். வந்த அன்னையிலேருந்து. அவளுக்கது ஒரு சொட்டு நான் வெளிய விடல்ல. தென்னம்மூட்டுல ஊத்தி மண்ணு போட்டு மூடினேன். எங்க பிள்ளமேல ஆருக்க கண்ணு பட்டுதோ தெரியாது. இவளுக்க ஒடம்புல உள்ளது அன்னியக் கையில போயி, அத வச்சு ஆராவது என்னமாம் செஞ்சுட்டா? எனக்கது போட்டும். நான் இருந்து ஆருக்கு என்ன?"

முடியும் நகமும் உடம்பிலிருந்து கழிவதும் வெளியாள் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஊர்களில் அன்று எல்லா வீட்டிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் வீட்டிலேயே அம்மா சீப்பில் சுற்றிய முடியை அடுப்பில் போடுவாள். குப்பி கொடுக்கும்போது அதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. பரிசோதனை என்று சொன்னால் பயம் போய்விடும் என்று இருந்துவிட்டோம். வருகிற வினை தன்மேல் விழட்டும் என்று ஒரு கிழவி அத்தனை நாளும் தன்னுடையதைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

இந்த இடத்தில் ஐயா என்ன செய்திருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கத்தியிருக்கலாம். ஒரு கட்டுரை, பல மாச உழைப்பு, வார்டில் உள்ள எல்லாக் குப்பிகளின் மேலும் இருந்த நம்பிக்கையும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அல்லது தாணம்மை தப்பித்தாள் என்று மூச்சுவிட்டு, கிழவியை இறக்கி அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் கழுவி ஊற்றியிருக்கலாம். அதுதான் சுலபம். அவர் ஆச்சியைப் பார்த்தார். வயதானவர்களுக்கு நிறம் வெளிறித்தான் வரும் என்று அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நாவல்பழமாக இருண்டு கிடந்தது இந்த நிமிர்ந்த கிழவியின் குப்பி. நாய் குரைத்தது உண்மை. நாங்கள் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறோம்.

அவர் முக்காலியை இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஆச்சி, நீங்கோ ஒறங்குவியளா?"

வார்டுக்கு வந்ததிலிருந்து அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"ஒறங்கவா?" என்றாள் ஆச்சி. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காய்ச்ச வந்ததிலேருந்து இவ பச்சத்தண்ணி குடிக்காம பிள்ளகிட்டயே கெடந்தா. அன்னைக்கு நான் ஏசிப் பறைஞ்சு சோத்துக்கு முன்னால கொண்டு இருத்தினேன். பிள்ள எனக்க மடியில. இவ முதல் உருண்ட எடுக்கச்சில மூச்சு நின்னு போச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு ஐயா. இவ தலைய நிமுத்தாம கேட்டா, அத்தே, பிள்ள என்ன செய்யுகான்னு. ஒறங்குகான், நீ சாப்பிடுன்னு சொன்னேன். ஒரு வாயி சோறு உள்ள போட்டும்னு நெனச்சேன். இவ சாப்பிட்டா. நான் மடிய ஆட்டிட்டே இருந்தேன். இப்பம் கண்ண மூடினா எனக்க வாயி அதத்தான் சொல்லுது. ஒறங்குகான், ஒறங்குகான்னு. பொறவு எப்பிடி ஒறங்க?"

அப்போதுதான் கவனித்தேன், வாசலில் தாணம்மை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எழுந்து நடக்க ஆரம்பித்த பெண், ஒரு சொல்லில் மறுபடியும் அடியில் போய்விடுவாள் என்று பயந்தேன். அவளை வெளியே கூட்டிப்போகக் கையை நீட்டினேன். ஐயா என்னைப் பார்க்காமலே ஒரு விரலை உயர்த்தினார். நில் என்று அர்த்தம். அவருக்கும் நெற்றியில் வேர்த்திருந்தது. பிள்ளைகளே, அந்த விரல் ஒரு துணிவு. எந்த நிறமும் அதை அவருக்குச் சொல்லித் தந்திருக்காது.

தாணம்மை மேஜையருகே வந்தாள்.

"எனக்குத் தெரியும் அத்தே."

ஆச்சி தலையைத் திருப்பினாள்.

"அவனுக்க கை தொங்கிக் கெடந்துது. நான் கண்டேன்."

"கண்டியா?"

"கண்டேன். எழும்பினா அது நெசம்னு ஆயிரும். நீங்கோ ஒறங்குகான்னு சொன்னியோ. நான் தின்னுட்டு இருக்கது வரைக்கும் அவன் ஒறங்கட்டும்னு தின்னேன்."

வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. ஓட்டிலிருந்து துளிகள் விழும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் ஒரே பிள்ளைக்காக ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, மற்றவள் விட்டுவிடுவாளோ என்று பயந்து, அத்தனை நாளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கிறார்கள். ஆச்சி அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் சத்தம் இல்லை. அந்த நிமிர்ந்த உடம்பு மேஜையின்மேல் மெல்ல மெல்லத் தளர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ஐயா சென்னைக் கூட்டத்துக்குப் போனார். கட்டுரையை வாசிக்கவில்லை. என் குப்பிகளில் எது யாருடையது என்று எனக்குத் தெரியாது, திரும்ப முதலிலிருந்து பார்க்கப்போகிறேன் என்று எழுந்து நின்று சொன்னாராம். சிலர் சிரித்தார்களாம். திரும்பி வந்ததும் வார்டில் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துக் கேட்டார். இன்னும் சிலரும் மாற்றியிருந்தார்கள். கடியப்பட்டணத்துக்காரி மட்டும், "எனக்கு எனக்க மாதாவு காவலு. நான் சொந்தமாக்கும் தந்தேன். சரக்குல கலப்படம் செய்ய எனக்குத் தெரியாது," என்றாள். அன்றிலிருந்து ஆராய்ச்சிக்கு எடுத்தது போக மிச்சத்தைக் கூட்டிருப்பவர் கண்முன்னால் ஓடுகிற தண்ணீரில் ஊற்றுவோம். பயத்தைப் பரிகசிக்காமல் அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தால் ஆட்கள் உண்மையைத் தருவார்கள் என்பதை நான் அங்கே கண்டேன்.

சம்மதம் கேட்டு, கூட்டிருப்பவர்களுக்கும் தனிக் குப்பி கொடுத்தார். பக்கத்தில் திடமாக உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று அவர் பிற்பாடு எழுதியதைத்தான் உலகம் இன்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. மனச்சோர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். உங்கள் படிவத்தில் உடனிருப்பவருக்கு என்று ஓர் இடம் விட்டிருக்கிறீர்களே, அது நீலம்மை ஆச்சி பாய் விரித்த இடம். அளவு சரியாக இருக்கும்போதும் ஆள் மாறியிருக்கலாம். எண்ணைக் கையில் எடுத்தால் அது யாருடைய துக்கம் என்று கேளுங்கள். அறையில் நன்றாக இருப்பது போலத் தெரியும் ஆளிடம் ஒருமுறை, ஒறங்குவியளா என்று கேளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமையை முடித்துவிடுகிறேன். அழுது ஓய்ந்த ஆச்சி அந்த மேஜையிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். வரிசையில் இன்னும் சிலர் கரண்டுக்குக் காத்திருந்தார்கள். ஐயா மின்கம்பியைப் பிடுங்கிச் சுற்றி வைத்தார். "இன்னைக்கு ஆருக்கும் வேண்டாம். அவங்கள எழுப்பண்டாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆச்சிக்கு ஒரு கட்டில் ஒதுக்கச் சொன்னார். இனி மருமகள் கூட்டிருப்பு என்றார். தாணம்மை முக்காலியில் உட்கார்ந்து மாமியாரின் பாதங்களைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. ஆச்சி அசையவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. இவ்வளவு ஆழமாக ஒருத்தி உறங்குவாளா? பையப் போய் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். வெளியே வந்தேன். மறுபடியும் போனேன். வார்டில் மற்ற வேலை ஒன்றும் ஓடவில்லை. உச்சிவேளைக்கு மீண்டும் போய்க் குனிந்தபோது தாணம்மை என் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

"மூச்சு இருக்கு அக்கா. நான் பாத்துட்டுதான் இருக்கேன்," என்றாள். "நீங்கோ போயிச் சாப்பிடுங்கோ."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.